பெல் அடிக்கிறதுதான் கம்ப்ளெயிண்ட்

உக்காருங்க தம்பி. ஏணியெல்லாம் அப்புறம். முதல்ல அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க பார்ப்போம். 'வாசல் பெல் அடிக்கவில்லை.' அப்படித்தானே இருக்கு? தெரியும் எனக்கு. உங்க ஆபீஸ்ல போன் எடுத்த பொண்ணுகிட்ட மூணு தடவை சொன்னேன், மூணு தடவையும் அது "அடிக்கலையா சார்?"னே கேட்டுச்சு. பேனாவை எடுத்துத் திருத்திக்குங்க. பெல் அடிக்குது. நல்லா கணீர்னு அடிக்குது. அதுதான் கம்ப்ளெயிண்ட்.

அப்படிப் பார்க்காதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். என் சம்சாரத்தை வேணா கேளுங்க. இல்ல, வேணாம், அவளைக் கேக்க வேணாம். அவ இப்ப என்கிட்ட சரியாப் பேசுறதில்லை, உங்ககிட்ட எதையாவது ஏடாகூடமா சொல்லி வைப்பா. நானே சொல்றேன். முழுசா கேட்டாத்தான் உங்களுக்கு வேலை விளங்கும்.

நான் சவரிநாயகம். டெலிபோன்ஸ்ல முப்பத்தாறு வருஷம் சர்வீஸ். அதுல பதினாறு வருஷம் இதே திருச்சியில டிரங்க் எக்ஸ்சேஞ்ச். டிரங்க் கால்னா உங்க வயசுக்குத் தெரிஞ்சிருக்காது. அப்பல்லாம் வெளியூருக்குப் பேசணும்னா எங்ககிட்ட புக் பண்ணிட்டு உக்காந்திருக்கணும். ரெண்டு மணி நேரமும் ஆகும், ராத்திரியும் ஆகும். லைன் கெடைச்சா மூணு நிமிஷம். மூணு நிமிஷம் ஆச்சுன்னா நான் நடுவுல புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?"ன்னு கேப்பேன். ஜனங்க என்ன பண்ணும் தெரியுமா? ரெண்டே முக்கால் நிமிஷம் "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, அங்க மழையா"ன்னு பேசிட்டு, கடைசிக் கால் நிமிஷத்துல "பெரியப்பா தவறிட்டார்"னு ஆரம்பிக்கும். எந்த பெரியப்பான்னு அந்தப் பக்கம் கேக்கிறதுக்குள்ள லைன் போயிடும். பதினாறு வருஷம் இதைக் கேட்டவன் நான். அன்னிக்கே முடிவு பண்ணேன், நம்ம வீட்டுல போன் எடுத்தா முதல்ல விஷயம். விஷயம் இல்லேன்னா போனே இல்ல.

அதனால எங்க வீட்டுல ஹலோ கிடையாது. எடுத்ததும் "விஷயம் என்ன?" அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரே ஒரு போன், அது என் சட்டைப்பையில. பிலோமினாவுக்குத் தனியா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு நிறைய பேர் சொன்னாங்க. எதுக்கு? ஒரு வீட்டுக்கு ஒரு கனெக்ஷன் போதும். அவளும் கேட்டதில்லை. ஒரு தடவை கேட்டா. அப்புறம் கேட்டதில்லை.

எங்களுக்கு ஒரே பையன். ஜெரால்டு. கனடாவுல இன்ஜினியர். அங்கேயே வேலை, கல்யாணம் ஆகி, அது ஒத்துவராம, இப்ப தனியா இருக்கான். அதை விடுங்க. மாசத்துல முதல் ஞாயிறு, நாங்க சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்ததும் போன் பண்ணுவான். "விஷயம் என்ன?"ன்னு கேப்பேன். "ஒண்ணும் இல்லப்பா, சும்மாதான்"பான். சும்மான்னா "போனை வைப்பா"ன்னு சொல்லிடுவேன். ஒன்றரை நிமிஷம், மிஞ்சிப்போனா ரெண்டு. பிலோமினா அடுப்படியிலேர்ந்து ஈரக் கையைத் தொடைச்சுக்கிட்டு வர்றதுக்குள்ள பேசி முடிச்சிருப்போம். ரொம்ப ஒழுக்கமான பையன் தம்பி. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வெட்டியாப் பேசினதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தான். வர்றப்பவே இந்த கேமரா பெல்லைக் கொண்டாந்தான். எங்க கேட்டுல ஒரு குருவி பெல் இருந்துச்சு. அமுக்கினா கிச்கிச்னு கத்தும். அது ஒரு குறையும் இல்லாமத்தான் கத்திக்கிட்டிருந்துச்சு. "உங்க ரெண்டு பேருக்கும் வயசாகுதுப்பா, யார் வந்திருக்காங்கன்னு பார்த்துட்டுக் கதவைத் தொறக்கலாம்"னான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ஆனா பையன் ஆசையாக் கொண்டாந்தது, என்ன சொல்ல முடியும்?

அதோ பாருங்க, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு மேல வெள்ளையா ஒரு பெட்டி. அதுக்குள்ளதான் மணி. வெளியில அமுக்கினா இங்க டிங் டாங்னு அடிக்கணும். அது பதினாறு வோல்ட்டுல ஓடுற சாமானாம், நம்ம கரண்ட்டை நேரா குடுத்தா பொசுங்கிடுமாம், அதுக்கு ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரும் அவனே கொண்டாந்து மாட்டினான். ஊருக்குக் கெளம்புற அன்னிக்குக் காலையிலதான் வேலை முடிஞ்சுது. அமுக்கிப் பார்க்க நேரமில்ல. ஏர்போர்ட்டுக்கு வண்டி வந்துடுச்சு. வண்டியில உக்காந்துகிட்டே அவன் போன்ல ஏதோ தட்டிக்கிட்டே போனான். என் போன்லயும் கேட்டுல யார் நிக்கிறாங்கன்னு படம் தெரியுற மாதிரி வச்சுக் குடுத்தான். நான் அதைத் தொறக்கிறதில்லை.

அவன் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள், இங்க காலையில எட்டு மணி. போன் அடிக்குது. ஜெரால்டு. "விஷயம் என்ன?" "அப்பா, வாசல்ல மீன்காரம்மா நிக்கிறாங்க." எனக்கு ஒண்ணும் புரியல. எட்டிப் பார்த்தா நெசமாவே அன்னக்கிளி கூடையோட நிக்கிறா. பத்து தடவை அமுக்கினாளாம். இங்க ஹால்ல ஒரு சத்தம் இல்ல. பெல் கனடாவுல அடிச்சிருக்கு.

இது நடந்தது ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல தம்பி, ஏழு மாசம். எங்க வீட்டு வாசல்ல யார் வந்து நின்னாலும் ஏழு கடல் தாண்டி அவனுக்குத் தெரியும், ஹால்ல உக்காந்திருக்கிற எனக்குத் தெரியாது. பால்காரரா, ஜெரால்டு போன் பண்ணுவான். கூரியரா, ஜெரால்டு. நன்கொடை கேக்கிறவங்களா, ஜெரால்டு. "விஷயம் என்ன?" "அப்பா, கேஸ் சிலிண்டர்." விஷயம்தானே? அதனால நான் ஒண்ணும் சொல்ல முடியல. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது கால். ஒரு நாள் பதினாலு.

அதுல ஒரு வசதி இருக்கு, அந்த பெல்லு வழியாவே அவன் பேசலாம். பெல்லு மாட்டியிருக்கிற கேட்டுத் தூண்லேர்ந்து குரல் வரும். அன்னக்கிளி என்ன பண்ணா, என்னைக் கேக்கிறதையே விட்டுட்டா. தூணைப் பார்த்து, "தம்பி, வஞ்சிரம் இருக்கு, நெத்திலி இருக்கு"ங்கறா. தூண் சொல்லுது, "அப்பாவுக்குக் கொழுப்பு இருக்குக்கா, நெத்திலியே குடுங்க." கனடாவுல ராத்திரி படுக்கப்போற நேரத்துல உக்காந்துகிட்டு எங்க வீட்டுல மத்தியானம் என்ன கொழம்புன்னு அவன் முடிவு பண்றான். எனக்கு வஞ்சிரம்தான் பிடிக்கும். ஏழு மாசமா நெத்திலி.

பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். அவருக்கு இந்தக் கதை தெரியாது. அமுக்கியிருக்கார். தூண்லேர்ந்து, "சாமி, ஸ்தோத்திரம். ஒரு நிமிஷம், அப்பாவைக் கூப்பிடுறேன்"னு குரல். மனுஷன் ரெண்டடி பின்னால போயிட்டார். நான் போய்த் தொறக்கிறப்ப தூணுக்குத் தீர்த்தம் தெளிச்சுக்கிட்டிருந்தார்.

இதை இப்படியே விட முடியுமா? நான் டெலிபோன்காரன். மணி அடிக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது. ஆள் கூப்பிட்டேன். ஒருத்தர் இல்ல, அஞ்சு பேர். முதல் ஆள், வோல்ட் பத்தலைன்னு பெரிய டிரான்ஸ்ஃபார்மரா மாத்தினார். அடிக்கல. ரெண்டாவது ஆள், ஒயர் மெல்லிசுன்னு கேட்டுலேர்ந்து ஹால் வரைக்கும் சுவரை ஒடைச்சார். அந்தக் கோடு இன்னும் இருக்கு பாருங்க, பூசினாலும் தெரியுது. அடிக்கல. மூணாவது ஆள் பெட்டிக்குள்ள ஒயரை மாத்தி மாத்திச் சொருகினார். அன்னியிலேர்ந்து பெல்லை அமுக்கினா குளியலறையில எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட ஆரம்பிச்சுது. எப்படின்னு என்னைக் கேக்காதீங்க, நீங்கதான் எலெக்ட்ரீஷியன். நாலாவதா என்கூட வேலை பார்த்த பெஞ்சமின். கேபிள் ஜாயின்ட் போடுறதுல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. பூமிக்கடியில நூறு ஜோடி ஒயர்ல எது அறுந்துதுன்னு சொல்லுவான். அவனே ஒரு நாள் பூரா இருந்துட்டு, "நாயகம், லைன் சுத்தமா இருக்கு. மணியும் நல்லா இருக்கு. அது அடிக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு ஃபேனை மட்டும் சரி பண்ணிட்டுப் போனான்.

ஒவ்வொரு ஆள் வந்து போனதும் ஜெரால்டுக்கு நானே போன் பண்ணிச் சொல்லுவேன். ஆமா, நான்தான் பண்ணுவேன். அது விஷயமாச்சே. "இன்னிக்கு வோல்ட் பார்த்தோம்பா, இத்தனை காட்டுது"ம்பேன். "அப்படியாப்பா? அப்புறம்?"பான். ஒயர்ல எங்க எவ்வளவு எறங்குதுன்னு விளக்குவேன். "அப்புறம்?"பான். அதுலேர்ந்து பேச்சு எங்க ஆபீஸ் பக்கம் போகும். வெள்ளத்துல கேபிள் முழுகினப்ப மூணு நாள் வீட்டுக்கே வராம லைன் போட்டது, ஒரு கலெக்டரையே மூணு நிமிஷத்துல வெட்டினது, இதெல்லாம் அவனுக்குச் சொன்னதே இல்ல. அவனுக்கு அவ்வளவு தொழில் ஆர்வம் இருக்குன்னு எனக்கு இந்த பெல்லு வந்தப்புறம்தான் தெரியும். ஒரு நாள் நாப்பது நிமிஷம் போச்சு. எல்லாம் டெக்னிக்கல் விஷயம். ஒரு வார்த்தை வெட்டிப்பேச்சு கிடையாது. அவன்தான் கடைசியில, "சரிப்பா, இன்னொரு ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க"ம்பான்.

பிலோமினா கதை வேற. டெஸ்ட் பண்றதுக்காக அவளை வெளியில நிறுத்தி அமுக்கச் சொல்லிட்டு நான் உள்ள காதை வச்சுக்கிட்டு நிப்பேன். உடனே போன் வரும். "அப்பா, அம்மா வாசல்ல நிக்கிறாங்க. கதவைத் தொறங்க. எதுக்கு வெளியில நிக்க வச்சிருக்கீங்க? சண்டையா?" டெஸ்ட்டுப்பா, வைன்னு சொல்லுவேன். ஆனா அதுக்கப்புறம் அவளுக்கு ஒரு மறதி வந்துடுச்சு. செடிக்குத் தண்ணி ஊத்தப் போவா, கேட் தொறந்துதான் கிடக்கும், வர்றப்ப பெல்லை அமுக்குவா. குப்பை போடப் போவா, வர்றப்ப அமுக்குவா. சாயங்காலம் அஞ்சு மணியானா எதுக்குப் போறான்னே இல்லாம போவா. அப்ப அங்க காலையில ஏழரை, அவன் எந்திரிக்கிற நேரம். அரைமணி நேரம் திரும்பி வர மாட்டா. பார்த்தா தூணுகிட்ட நின்னு சிரிச்சுக்கிட்டிருப்பா. ஒரு நாள் தூணுக்கு நேரா புடவையை விரிச்சுக் காட்டிக்கிட்டிருந்தா. எதிர்வீட்டு டீச்சர் என்கிட்ட வந்து, "அண்ணே, அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"ன்னு மெதுவாக் கேட்டாங்க.

எனக்கும் பயமாப் போச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் இன்னிக்கு என்ன கிழமை, உங்க வீடு எங்க இருக்கு, நூறுலேர்ந்து ஏழு ஏழா குறைங்கன்னார். எல்லாம் டாண் டாண்ணு சொல்லிட்டு, "டாக்டர், நான் வந்தது வந்துட்டேன், இவரையும் ஒரு தடவை பார்த்துடுங்க"ங்கறா. மறதிக்காரங்க அப்படித்தான் பேசுவாங்களாம்.

சரி, வேலைக்கு வர்றேன். அஞ்சாவதா முபாரக்னு ஒருத்தர் வந்தார். ஒரு வியாழக்கிழமை. பெட்டியைத் தொறந்து தூசியை ஊதினார், ஒரு துணியால தொடைச்சார், மூடினார். அமுக்கினோம். அடிக்கல. போயிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமைதான் அந்த ஆடு வந்துச்சு.

என்கூட வேலை பார்த்த வைத்தியலிங்கம் தவறிட்டான். நான் பென்ஷனர் சங்கத்துக்குத் தலைவர். துக்க வீட்டுல எல்லாரும் நிக்கிறாங்க, நான் இரங்கல் தீர்மானம் வாசிச்சுக்கிட்டிருக்கேன். "அன்னார் தம் பணிக்காலத்தில்"ங்கறப்ப சட்டைப்பையில போன் அடிக்குது. எடுக்காம இருக்க முடியுமா, முப்பத்தாறு வருஷப் பழக்கம். எடுத்தேன். "விஷயம் என்ன?" "அப்பா, வாசல்ல ஆடு." "என்னது?" "ஆடுப்பா. பெல்லுல கொம்பைத் தேய்க்குது. அம்மாவோட ரோஜாச் செடியைத் தின்னுடப்போகுது." அங்க விடியக்காலை நாலரை மணி தம்பி. அந்த நேரத்துல எந்திரிச்சு ஆட்டுக்கு ஒரு போன்.

எனக்கு எங்கேர்ந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. துக்க வீடுன்னும் பார்க்கல. "விஷயம் இல்லாம போன் பண்ணாதேன்னு உனக்கு எத்தனை தடவைடா சொல்றது? ஒண்ணு அந்த பெல்லை இங்க அடிக்க வை, இல்லேன்னா கழட்டி எறியச் சொல்லு. இனிமே என் வீட்டு பெல் என் வீட்டுலதான் அடிக்கணும். உன் போன்ல அடிக்கவே கூடாது. ஆடு, மாடுன்னு என்னைக் கூப்பிடுற வேலை வச்சுக்காத"ன்னு சத்தம் போட்டேன். அழுதுக்கிட்டிருந்த பொம்பளைங்க அழுகையை நிறுத்திட்டாங்க.  ஜெரால்டு "சரிப்பா"ன்னான். வச்சுட்டான். நான் விட்ட இடத்துலேர்ந்து தீர்மானத்தை வாசிச்சு முடிச்சேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு அன்னக்கிளி வந்து அமுக்கினா. டிங் டாங்! ஹால் முழுக்கக் கேக்குது. நான் காபியைக் கீழ ஊத்திட்டேன். ஏழு மாசம் கழிச்சு அடிக்குது. முபாரக் தூசி தட்டினது ஒரு நாள் ஊறி வேலை செஞ்சிருக்குன்னு நெனைச்சேன். அவரை வரவழைச்சு சங்கத்துல பொன்னாடை போத்தினேன். "சார், நான் சும்மா ஊதினேன் சார்"னு அந்த மனுஷன் நெளிஞ்சார். அடக்கமான ஆளு.

அன்னிக்கு வஞ்சிரம் வாங்கினேன். வாயில வைக்க முடியல. வறுவல்ல உப்பு தூக்கல். அதுக்கு முன்னாடி நாப்பத்திரண்டு வருஷத்துல பிலோமினா கையில உப்பு தப்பினதில்லை.

அன்னியிலேர்ந்து இன்னியோட இருபத்திமூணு நாள். போன் வரல. பால்காரர் வந்தா டிங் டாங். கூரியர் வந்தா டிங் டாங். நான் போய்த் தொறக்கிறேன், வாங்குறேன், மூடுறேன். எல்லாம் முறைப்படி நடக்குது. நடுவுல முதல் ஞாயிறு வந்துச்சு. பூசை முடிஞ்சு வந்து சட்டையைக் கழட்டாம உக்காந்திருந்தேன். வரல. வேலை இருந்திருக்கும்.

அதெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல. நான் இதுக்குப் பழக்கப்பட்டவன். பிரச்சினை என்னன்னா, பிலோமினா. சாயங்காலம் அஞ்சு மணியானா இன்னும் கேட்டுக்குப் போறா. அமுக்குறா. இங்க டிங் டாங்குது. தூண்லேர்ந்து குரல் வரல. கொஞ்சம் நிக்கிறா. மறுபடி அமுக்குறா. டிங் டாங். உள்ள வந்து என்னைக் கடந்து அடுப்படிக்குப் போயிடுறா.  நான்தான் சொன்னேனே, உன் போன்ல அடிக்கவே கூடாதுன்னு. அவன் அதையும் நிறுத்திட்டான் போல. சொன்னாக் கேக்கிற பிள்ளை. அந்த அஞ்சு மணி டிங் டாங் இருக்கே, அதை என்னால உக்காந்து கேக்க முடியல தம்பி. காது நல்லாத்தான் இருக்கு. காதுல ஒண்ணும் இல்ல. நெஞ்சுல வந்து அடிக்குது.

"நீயே பேசேன்"னு போனை நீட்டினேன். "நிறுத்தினது நீங்க, நீங்க பண்ணுங்க"ங்கறா. என்னன்னு பண்றது? எடுத்ததும் "என்னப்பா விஷயம்?"னு அவன் கேப்பானே, என்ன சொல்றது? நான் வளர்த்த பிள்ளை, கண்டிப்பாக் கேப்பான். அதைச் சொன்னா அவ என்ன சொல்றா தெரியுமா? "முப்பத்தொன்பது வயசுல ஒத்தையா உக்காந்திருக்கிற பிள்ளைகிட்ட பேச உங்களுக்கு என்னங்க விஷயம் வேணும்?" கோவத்துல இருக்கா, அதான் அப்படிப் பேசுறா.

அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். ஒரு தொந்தரவும் இல்ல, ஏணியில ஏறி அந்தப் பெட்டிக்குப் போற ஒயரை ஒண்ணு கழட்டிடுங்க. பழையபடி அடிக்காம இருக்கணும். வீட்டுப் பொம்பளை நிம்மதிக்காக. வேற ஒண்ணும் இல்ல.

ஏன் ஏறாம நிக்கிறீங்க? என் போன் எதுக்கு? சரி, இந்தாங்க. அந்தப் படம் அந்த மூலையில இருக்கும். ஆமா, அதுதான். எங்க கேட்டு.

என்ன? சுவிட்சா? இந்த போனுக்குள்ளயா? எங்க, காட்டுங்க. கண்ணாடியை எடுத்துக்கிறேன். 'வீட்டு மணி'. பக்கத்துல பச்சையா ஒண்ணு. அது ஆன்ல இருக்கா? என்னால தள்ள முடியலையே. ஓ, நான் பார்க்கலாம், தொட முடியாது. ஓனர் மட்டும்தான் மாத்தலாமா? யார் ஓனர், வீடு என் பேர்ல இருக்கு. ஓ. பெல்லுக்கு ஓனர். ஜெரால்டு.

இருங்க, இருங்க. மெதுவாச் சொல்லுங்க. இது ஆஃப்ல இருந்தா எந்த எலெக்ட்ரீஷியன் வந்தாலும் இங்க அடிக்காது. ஆன் பண்ணா, யாரும் வராமலே அடிக்கும். சரி. மாட்டுறப்பவே இது ஆன்ல இருக்கணுமா ஆஃப்ல இருக்கணுமான்னு கேக்குமா? கேக்கும். ஓனர்தான் பதில் சொல்லியிருக்கணும்.

அப்ப அவன் மறந்திருப்பான் தம்பி. வண்டியில போறப்ப அவசரத்துல தட்டினான்னு சொன்னேன்ல. மறந்திருப்பான். ஆனா அவன் மறக்கிறவன் இல்லையே. ஆட்டுக்கு நாலரை மணிக்கு எந்திரிச்சவன். ஏழு மாசம். அஞ்சு ஆள். நான் சுவரை ஒடைச்சதெல்லாம் கேட்டுக்கிட்டேதானே இருந்தான். வோல்ட் எவ்வளவுன்னு சொன்னப்ப "அப்புறம்?"னான். ஒயர் மாத்தினோம்னேன், "அப்புறம்?"னான். அவன் கையிலதான் இந்தச் சுவிட்சு இருந்திருக்கு. நான் சத்தம் போட்ட வெள்ளிக்கிழமை ராத்திரி ஆன் பண்ணியிருக்கான். சனிக்கிழமை காலையில அடிச்சுது.

முபாரக்குக்குப் போத்தின பொன்னாடையைத் திருப்பிக் கேக்க முடியாது.

பெஞ்சமின் அன்னிக்கே சொன்னான். லைன் சுத்தமா இருக்கு, மணியும் நல்லா இருக்குன்னு. அப்ப கோளாறு எங்கன்னு கேக்கணும்ல நான்? முப்பத்தாறு வருஷ சர்வீஸ். கோளாறு லைன்லயும் இல்லாம, கருவியிலயும் இல்லாம இருந்தா எக்ஸ்சேஞ்சுலதான் இருக்கும். எக்ஸ்சேஞ்சுல நான்தான் உக்காந்திருந்தேன்.

தண்ணி குடிக்கிறீங்களா? நான் கொஞ்சம் குடிச்சுக்கிறேன்.

சரி தம்பி. இப்ப இதை ஆஃப் பண்ணணும்னா ஓனர்கிட்ட சொல்லணும். உங்களால முடியாது. என்னாலயும் முடியாது. ஓனர்தான் பண்ணணும், அதுக்கு அவனுக்குத் தகவல் போகணும். இதைச் சொல்றதுக்காக ஒருத்தர் ஒருத்தருக்கு போன் பண்ணா, அது விஷயம்தானே? நீங்களே சொல்லுங்க, வெளி ஆள் நீங்க. விஷயம்தானே? அப்ப அந்தச் சீட்டுல எழுதிக் குடுங்க. 'பெல் அடிக்கிறது. நிறுத்துவதற்கு உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்.' கையெழுத்துப் போடுங்க. தேதி போடுங்க. கையில ஒரு காகிதம் இருந்தா எனக்குத் தைரியம்.

மணி என்ன? அஞ்சு அடிக்கப்போகுதா? அங்க ஏழரை. எந்திரிச்சிருப்பான். பிலோமி! இங்க வா. கையெல்லாம் தொடைக்க வேணாம், அப்படியே வா. நான் வைக்க மாட்டேன், நீ வர்ற வரைக்கும் இருப்பேன்.

அடிக்குது தம்பி. அந்தப் பக்கம் அடிக்குது.

ஜெரால்டு, நான்தான். அப்பா. இல்லப்பா, யாருக்கும் ஒண்ணும் இல்ல. பதறாத. அம்மா நல்லா இருக்கா, இதோ பக்கத்துல நிக்கிறா. விஷயமா? ஆமா, விஷயம் இருக்கு. இரு, சீட்டு எங்க? இந்தா. பெல் அடிக்குதுப்பா. ஆமா, இங்க, ஹால்ல. கணீர்னு அடிக்குது. அதைத்தான் சொல்ல வந்தேன். அது அடிக்க வேணாம்பா. ஆஃப் பண்ணிடு. பழையபடி உனக்கே அடிக்கட்டும்.

எதை ஆஃப் பண்றதா? அந்தப் பச்சைச் சுவிட்சைத்தான். தெரியும்டா. இந்தத் தம்பி காட்டினார். நான் ஒண்ணும் சொல்லல. கோவம் இல்ல. அந்த ஆடா? அது ரோஜாச் செடியை நிஜமாவே தின்னுடுச்சு. ஆமா, முழுசா. வேர்தான் இருக்கு. நீ சொன்னது சரிதான், நான்தான் கேக்கல. சாப்பிட்டியா? அங்க மழையா? சும்மாதான் கேக்கிறேன். சும்மாதான். இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்.

பிலோமி, எதுக்குக் கடிகாரத்தைப் பார்க்கிற? பேசு. நீட்டிச்சுக்கலாம்.

தம்பி, பையை எடுத்துட்டீங்களா? உங்களுக்கு ரொம்ப நன்றி. அவங்க பேசி முடிக்கட்டும், ஒரே ஒரு உதவி பண்ணிட்டுப் போங்க. கேட்டுல அந்த பெல்லை ஒரு தடவை அமுக்கணும். டெஸ்ட் பண்ணாம எந்த வேலையையும் முடிச்சுக் குடுக்கக் கூடாது, அது எங்க டிபார்ட்மென்ட் பழக்கம். நான் இங்கேர்ந்து காதை வச்சுக்கிறேன். டிங் டாங் கேக்கக் கூடாது. கேக்கலேன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம்.

வச்சுட்டாளா? சிரிச்சுக்கிட்டேதானே வச்சா? சரி. போனை இங்க குடு பிலோமி. தம்பி, கேட்டுக்குப் போயாச்சா? அமுக்குங்க. அமுக்கிட்டீங்களா? நல்லா அழுத்தி? இங்க ஒண்ணும் கேக்கல. சுத்தமாக் கேக்கல தம்பி, வேலை பக்கா. இருங்க, போயிடாதீங்க. போன் அடிக்குது.